இருநூற்றுப் பதின்மூன்றாவது அடி

ஆற்காடு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து,
லாட்ஜில் மூன்றாம் மாடி, முந்நூற்று ஏழு.
ஏசி ஓடாது. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை.
யாரும் கேட்காத அறை என்பதால்
முதலாளி எனக்கு விட்டுவைத்தார்.
பகலில் கீழே சாவி கொடுப்பேன்,
ஆதார் நகல் வாங்குவேன், ஸ்டவ்வுக்கு முன்பணம் எழுதுவேன்.
இரவில் மேலே வந்து மைக் கேபிளைச் சிக்கெடுப்பேன்.

எப்சிபாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
டூட்டி முடிந்து வந்து
ஸ்னேரின் மேல் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி இரண்டு துண்டு ஒட்டுவாள்.
கிக்குக்குள் தலையணை, உறையில் லாட்ஜின் முத்திரை.
சுற்றிலும் நோயாளிகள்.
அதனால் அவள் அடிப்பது
தூங்குகிறவன் கன்னத்துக் கொசுவை அடிக்கிற அடி.
தாளம் பிசகாது. ஆனால்
போட்டுக் கேட்டால் அட்டைப்பெட்டி.

நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன்
ஒரு கோப்பு நிறைய டிரம்.
எந்த ஊரோ, மரத்தளம் போட்ட பெரிய ஹாலாம்.
யாரோ ஒருவன் யாருக்கும் பயப்படாமல்
ஒவ்வொன்றாக ஓங்கி அடித்திருக்கிறான்.
அடி முடிந்தபின் அந்த ஹால் மூச்சுவிடுவதுகூட
சாம்பிளில் இருக்கிறது.

மென்பொருளில் ஒரு வாசற்படி உண்டு.
படி தாண்டி வரும் சத்தமெல்லாம் அடி.
தாண்டாதது இல்லவே இல்லை.
எப்சிபாவின் கை லேசு,
படியை இறக்கினேன், இன்னும் இறக்கினேன்,
தரையோடு தரையாக.
மெஷின் எண்ணிச் சொன்னது: ஸ்னேர், இருநூற்றுப் பதின்மூன்று.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு புது ஸ்னேர் உட்கார்ந்தது.
இரண்டு மில்லி செகண்ட் முன்னே தள்ளினேன்.
பழையதைத் தூக்கி எறியாமல் அடியில் கால்வாசி வைத்தேன்.
பாட்டு எழுந்து நின்றது.

எப்சிபா ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டாள்:
"ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி,
மூணாவது தட்டுக்கு அரைத் தட்டு முந்தி ஒண்ணு விழுதே,
அது யாரு?"
"நீதான்."
"நான் இல்ல. என் ரெண்டு கையும் அங்க ஹை-ஹாட்ல இருக்கு."
நாள் முழுக்க செல் எண்ணுகிறவளிடம்
எண்ணிக்கையில் வாதாட முடியாது.
"நான் அடிச்சது இருநூத்திப் பன்னெண்டு."

புது ஸ்னேரை ஊமையாக்கி
பழைய தடத்தை மட்டும் ஓடவிட்டேன்.

ஒரு இருமல்.
சுவருக்கு அந்தப் பக்கம், அடிவயிற்றிலிருந்து.
பின்னாலேயே ஒரு பெண் குரல்: "ஜொல்?"
இந்தத் தெருவில் தண்ணீர் கேன் போடும் பையனுக்கும்
அந்த ஒரு வங்காளச் சொல் தெரியும்.
பிறகு டம்ளர் வைக்கும் சத்தம்.
அது படியைத் தாண்டவில்லை.

கீழே போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன்.
முந்நூற்று எட்டு. திபேந்து மைத்தி, ஐம்பத்தி நான்கு, மேதினிபூர்.
உடன் மனைவி. பத்தொன்பது நாள்.
ஸ்டவ் ஒன்று, குக்கர் ஒன்று, இரண்டும் திரும்பி வந்தன.
காலி செய்த தேதிக்கு நேரே என் கையெழுத்துதான்.
எப்படிப் போனார்கள், காட்பாடியில் ரயிலா, ஆம்புலன்ஸா,
அதற்குக் கட்டம் இல்லை.
எனக்கு முகமும் ஞாபகம் இல்லை.

"எடுத்துடவா? ஒரு க்ளிக்தான்."
மறுபடி ஓட்டச் சொன்னாள். மூன்று முறை.
நாலாவதில் முழங்காலின் மேல்
விரலால் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தாள்.
"தப்பான இடந்தான். ஆனா பாட்டு அங்கதான்
தடுக்கிக்கினு முன்னாடி போவுது."
கிக்கில் இன்னும் வேலை பாக்கி இருந்தது.
கரண்ட் போய்விட்டது.

ஆவணியில் குடியாத்தம், ஒரு கல்யாண ரிசப்ஷன்.
பக்கத்தில் நோயாளி இல்லை, பிளாஸ்திரி இல்லை.
அந்த இடம் வந்ததும் அவள் வலது கை
ஹை-ஹாட்டை விட்டு வந்து ஓங்கி விழுந்தது.
பந்தி வரிசையில் யாரும் திரும்பவில்லை.
இடைவேளையில் அவள் தாளைப் பார்த்தேன்.
மற்ற அடிகள் எல்லாம் வெறும் புள்ளி.
அந்த ஒன்றின் மேல் மட்டும் பென்சிலில், சின்ன எழுத்தில்:
பக்கத்து ரூம்.