கடைசி விளக்கு

சனிக்கிழமை, காலை ஐந்தேகால்.
ஹெப்பாள் மேம்பாலத்தின் கீழே
பதினோரு சைக்கிள், பதினோரு சிவப்பு விளக்கு,
ஒரே ஒரு பம்பு.
அதுவும் ஜோஷியுடையது.
கைக்குழந்தையைத் தருவதுபோலத் தருவான்,
வாங்குகிறவன் தலையைப் பிடிக்கிறானா என்று பார்த்தபடி.

பசவண்ணா முன்னால் போவார்.
வங்கியில் விருப்ப ஓய்வு, முழங்காலில் தையல் தழும்பு,
குறுக்கே வரும் நாய்களோடு கன்னடத்தில் சமாதானப் பேச்சு.
நான் கடைசி.
மெதுவாக வருவதால் அல்ல,
குழு கொடுத்த வேலை அது:
யார் நின்றாலும் நிற்க வேண்டும்.
எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

மூன்று வருஷமாக இவர்களை
முதுகாகத்தான் தெரியும்.
ஃபைசலின் சட்டையில் வியர்வை எந்தப் பக்கம் தொடங்கும்,
மேட்டில் யார் பல்லைக் கடிப்பார்கள்
(காதோரம் அசையும், அதை வைத்துச் சொல்லலாம்).
ஜோஷியின் அப்பா ஐசியூவில் கிடந்த வாரம்
அவன் யாரிடமும் சொல்லவில்லை.
இடது குதிகால் மட்டும்
பெடலை மிதிக்காமல் தொட்டுத் தொட்டு வந்தது.

பள்ளம் வந்தால் பசவண்ணா கத்துவார்:
"குண்டி!"
கன்னடத்தில் பள்ளம்.
தமிழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.
முதல் மாதம் சிரித்துச் சிரித்தே
இரண்டு முறை அதற்குள் இறங்கினேன்.
அந்தச் சொல் வாய் மாறி வாய் மாறி
மலையாளமாக, உருதுவாக உச்சரிக்கப்பட்டு
என்னிடம் வந்து நின்றுவிடும்.
நான் யாரிடம் சொல்ல?
விழுங்கிக்கொண்டு விலகுவேன்.

அன்று புதிதாக ஒருத்தி, சுபஸ்மிதா.
கடன் வாங்கிய சைக்கிள், தலையில் நிற்காத ஹெல்மெட்.
ஹெசரகட்டாவுக்கு முன்பே மற்றவர்கள்
புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போனார்கள்.
ஒவ்வொரு மேட்டிலும் திரும்பி "சாரி" என்றாள்.
ஒன்பதாவது சாரிக்குக் கியரை மாற்றச் சொன்னேன்.
மாற்றினாள். "அட!" என்றாள்,
அவள் வைத்திருந்த ஒரே தமிழ்ச் சொல்.
புல்வெளிக்கு மேல் ஒரு பருந்து
போவதா வேண்டாமா என்று நின்றது.
தட்டு இட்லிக் கடையில் எங்களுக்கு மிச்சம்
சட்னி மட்டும்.

ஞாயிறு, நந்திப் பக்கம்.
தேவனஹள்ளி தாண்டித் திராட்சைத் தோட்டங்கள்
வலை போர்த்திக்கொண்டு இன்னும் எழவில்லை.
என் பின்சக்கரம் உஸ் என்றது.
லாரி டயரில் உதிர்ந்த கம்பி,
மயிரிழை தடிமன், அதற்கு இவ்வளவு வேலை.
முன்னால் பத்து விளக்குகள் வளைவில் திரும்பின.
யாரும் பார்க்கவில்லை.
பார்ப்பது என் வேலை அல்லவா.

கோபம் வந்தது என்று சொல்ல மாட்டேன்.
வந்தது.
மாற்று ட்யூப் இருந்தது, பம்பு ஜோஷியிடம்.
பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி
சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தலையை ஆட்டிவிட்டுப் போனார்.
வாலைப் பிடித்தவனுக்கு வால் இல்லை என்று
மனதில் ஒரு வரி ஓடியது,
அதையும் ரசிக்க ஆளில்லை.

நாற்பது நிமிஷம்.
பிறகு எதிர்த்திசையில் ஒரு முகம் வந்தது.
முகம். அதுதான் விசித்திரம்,
சைக்கிள் மேல் வைத்து
அதுவரை யார் முகத்தையும் நான் பார்த்ததில்லை.
சிவந்து, மூச்சிரைத்து, ஹெல்மெட் காதில் தொங்க
சுபஸ்மிதா.
கையில் ஜோஷியின் பம்பு.
"எண்ணினேன்" என்றாள் இந்தியில், "பத்துதான் வந்தது."

காற்றடித்து முடித்ததும் "நீ முன்னால் போ" என்றேன்.
மாட்டேன் என்றாள்.
விதி அது என்றேன்.
விதியை யார் எழுதியது என்று கேட்டாள்.
நான்தான்.

முன்னால் மிதிப்பது கூச்சமாக இருந்தது.
என் குதிகால் இப்போது என்ன சொல்கிறதோ,
என் முதுகில் எங்கே ஈரமோ.
சாலை வெறிச்சோடிக் கிடந்தது.
கல்குவாரித் திருப்பத்தில் பாதிச் சாலையைக் காணோம்.
"குண்டி!" என்று கத்தினேன்,
மூன்று வருஷம் விழுங்கியதெல்லாம் சேர்த்து.

பின்னாலிருந்து, ஒடியா நாக்கில்,
வட்டமாக, ரொம்ப மரியாதையாக
அதே சொல் கேட்டது.
அவளுக்குப் பின்னால் யாருமில்லை.
ஒரு எருமை இருந்தது.
அது விலகியது.