பென்சில் புள்ளி

பகாவ் சீனர் சங்கத் திடலில்
மூன்று வருடம் நான்தான் கணக்கு எழுதினேன்.
கையெழுத்து அழகாக இருக்கிறது என்று
விளையாட்டு ஆசிரியர் சான் கூட்டிப்போனார்.
கூடைப்பந்து எனக்குத் தெரியாது.
தெரியுமா என்று யாரும் கேட்கவுமில்லை.

புத்தகத்தில்
போட்டவனுக்குக் கட்டம் உண்டு,
தப்பு செய்தவனுக்கும் உண்டு.
கொடுத்தவனுக்கு இல்லை.
இரண்டாவது வாரமே உறுத்தியது.

இன்றைக்கும் கோப்பிக் கடையில் சொல்வார்கள்,
ரொம்பின் பள்ளி நெட்டைக் கோ
ஒரே ஆட்டத்தில் முப்பத்தாறு.
சரி,
பந்து அவனுக்கு வானத்திலிருந்தா விழுந்தது?

பந்தைக் கொண்டுவருபவனைப்
பாயிண்ட் கார்ட் என்பார் சான்.
சுங் ஹுவா பள்ளிக்கு தியோ செங் ஹுவாட்,
இடக்கைக்காரன், பசாரில் பன்றி வெட்டுபவர் மகன்.
வலப்பக்கம் பார்ப்பான்,
திடலே வலப்பக்கம் திரும்பும், நானும் திரும்புவேன்,
இடப்பக்கம் வலை ஆடிக்கொண்டிருக்கும்.

கான்வென்ட் ஸ்தெல்லா வாய் மூட மாட்டாள்.
"அங்க இல்லடி, இங்க, எருமை, இன்னும் ரெண்டடி!"
பாதி தமிழ், பாதி மலாய்,
திட்டுவதற்கு மட்டும் கேன்டனீஸ்.
சமயத்தில் எதிரணிப் பெண்களே
அவள் சொன்ன இடத்தில் போய் நின்றார்கள்.
பிறகு சிரம்பானில் ஆசிரியர் கல்லூரிக்கு ஆடினாள்.
இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன்.
அன்றைக்கு அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
தோற்றார்கள்.

நெடுமாறன்.
ஆறாங்கட்டைத் தோட்டம், பதினோராம் நம்பர் லயம்.
பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை: ஐந்தடி மூன்று.
விடியலில் அம்மாவோடு மங்கு துடைத்துவிட்டு
பால் லாரியில் தொற்றிப் பள்ளிக்கு வருவான்.
ரப்பர்ப்பால் காய்ந்த விரல்,
அதனால்தான் பந்து ஒட்டுகிறது என்றார்கள்.
பொய்.
அவன் கையில் பந்து தங்கி நான் பார்த்ததே இல்லை.

முழுப்பேர் வாயில் நுழையாத கூட்டம்
அவனை 'ஆ மா' ஆக்கியது.
நடுக்கோட்டைத் தாண்டினான் என்றால்
ஐந்நூறு பேர் "ஆமா! ஆமா!"
எதற்கோ சம்மதம் சொல்வதுபோல.

எண்பத்து மூன்று, மாவட்ட இறுதியாட்டம்.
தகரக் கூரையில் மழை, விசில் கேட்கவில்லை.
நாற்பது, நாற்பத்தொன்று, மூன்று விநாடி.
அவனை மறித்தவன் வழுக்கி விழுந்துகிடந்தான்.
எறிந்திருக்கலாம்.
ஆனால் கூடைக்கு அடியில்
அவனைவிடத் தனியாக நின்றான் பெங்,
வருடம் முழுக்க பெஞ்சைச் சூடாக்கிய பெங்.
பந்து அவன் நெஞ்சுக்கு வந்தது,
தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவதுபோல.

வளையத்தைக்கூடத் தொடவில்லை பெங் எறிந்தது.

கொடுத்தவன் பேருக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு பொடிப் புள்ளி,
அது என் வழக்கம். அன்றும் வைத்தேன்.
செயலாளர் பார்த்துவிட்டார்.
கூடை விழவில்லையே, இது என்ன?
அழித்தேன்.
காகிதத்தில் குழி மட்டும் நின்றது.

ஊர் ஒரு மாதம் பேசியது.
பெரட்டில் எல்லார் முன்னாலும் கிராணி
அவன் அப்பாவைக் கேட்டாராம்,
"சொந்தக் கைய நம்பாதவனா உன் மவன்?"
நெடுமாறன் எதையும் விளக்கவில்லை.
அடுத்த வருடம் முதல் ஆட்டத்தில்
மறுபடி பெங்குக்குக் கொடுத்தான்.
அதையும் பெங் கோட்டைவிட்டான்.

போன மாதம் செங் ஹுவாட் செத்துப்போனான்.
கூடாரம், வட்ட மேசைகள், கச்சான்,
வந்தவர் விரலுக்கெல்லாம் சிவப்பு நூல்.
நெடுமாறனும் வந்திருந்தான்,
செம்பனை லாரி ஓட்டி வளர்த்த வயிறு.
ஸ்தெல்லாவோடு ஏதோ வாதம்.
பின்னால் யாரோ தண்ணீர் கேட்க,
பேச்சை நிறுத்தாமல், திரும்பாமல்,
தோளுக்கு மேலே ஒரு பாட்டிலை விட்டான்.

அங்கே கை இருந்தது.
பெங். முழு வழுக்கை.
இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
பிடித்துவிட்டதை நம்பாமல் நின்றான்.

கைப்பையைத் துழாவினேன்.
பேனாதான் இருந்தது.