பீரோவுக்குள் முப்பத்தெட்டுப் பேர்

வண்ணார்பேட்டையில்
செருப்புக் கடைக்கு மேல்மாடி, எங்கள் ஆபீஸ்.
பச்சைப் பீரோவின் சாவி என் கைப்பையில்.
இரண்டாம் தட்டில் முப்பத்தெட்டுப் பாஸ்போர்ட்,
ரப்பர் பேண்டு போட்டு ஊர்வாரியாக:
களக்காடு ஏழு, பணகுடி ஒன்பது,
ஏர்வாடி ஐந்து, அப்புறம் உதிரிகள்.
கொடுத்து வைத்தால்தான் நிஜம் என்று
அவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.
மே மாதம் கதவைத் திறந்தால்
ஆள் மூச்சு மாதிரி ஒரு சூடு முகத்தில் அடிக்கும்.

மார்ச்சில் நாற்பது வெல்டர் கேட்டார்கள்.
பேட்டை ரோட்டில் ஷெட் பிடித்து டெஸ்ட் வைத்தோம்.
கம்பெனிக்காரர் டாரன் போன் வழியே பார்த்தார்.
அங்கே விடிந்தும் விடியாத நேரம்,
கொட்டாவியை மறைக்கவில்லை.
உச்சிமாகாளி பற்றவைத்த குழாயை
எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.
ஊசி முனைக்குக்கூட ஓட்டை இல்லை.
அந்தத் துண்டை நான் எடுத்துக்கொண்டேன்,
மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க.

ஏப்ரலில் சம்பள வரம்பு ஏறியது.
கம்பெனி சரி என்றது. எல்லாவற்றையும் திருப்பி அடித்தேன்.
மே கடைசியில்
வெல்டர் என்ற தொழிலையே பட்டியலிலிருந்து
எடுக்கப் போவதாகப் பேச்சு.
எடுக்கவில்லை.
எடுக்கவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை.
"ஜெபக்கனி, நாங்களும் செய்தி பார்த்துத்தான்
தெரிந்துகொள்கிறோம்" என்று டாரன் எழுதினார்.
பாதி கட்டிய படகு ஒன்று
தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் போட்டோ, கூடவே.
எனக்கு ஏன் அனுப்பினார் தெரியவில்லை.
உச்சிமாகாளிக்கு அனுப்பிவைத்தேன்.
"நல்லாத்தான் செஞ்சிருக்கானுவ,
அந்த எடது மூலையில மட்டும்
அவசரப்பட்டிருக்கான்" என்று பதில்.

மெடிக்கலுக்கு அறுபது நாள்தான் ஆயுசு.
இரண்டு தடவை எடுத்தாயிற்று.
மூன்றாவதாகப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
மிக்கேல்தான் கேட்டான்:
"எம் நெஞ்சு அதுக்குள்ள என்னக்கா மாறிருக்கும்?"
மாறியிருக்கலாம் மிக்கேல்.
உன் பெண்டாட்டி சங்கிலி அடகில் இருக்கிறது.
இதைச் சொல்லாமல்
வெறும் வயிற்றோடு போ என்று மட்டும் சொன்னேன்.

கம்ப்யூட்டரில் முப்பத்தெட்டு வரிசை,
கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்: நிலுவை.
ஒன்றில் அடித்துக் கீழே இழுத்துவிட்டால் போதும்,
மிச்சத்துக்கு அதுவே இறங்கிவிடும்.

நேற்று மத்தியானம் உச்சிமாகாளி வந்தான்.
"பாஸ்போர்ட்டக் குடுத்துருங்க.
தூத்துக்குடில ஒரு காண்ட்ராக்ட்டு இருக்கு."
தூத்துக்குடிக்கு எதற்குடா பாஸ்போர்ட் என்று
நான் கேட்கவில்லை.
நோட்டில் கையெழுத்துப் போட்டான்.
நின்றபடியே புரட்டிப் பார்த்தான்.
போட்டோவில் மட்டும் மீசை.
மற்றப் பக்கமெல்லாம் வெள்ளை.

ஒரு மணி நேரம் இருக்கும், திரும்பி வந்தான்.
பஸ் ஏறிவிட்டானாம்,
கே.டி.சி. நகரில் இறங்கிவிட்டானாம்.
"பையில கெடந்தா
எங்கயோ போற மாதிரியே இருக்குக்கா.
வேல ஓடாது. இங்கயே இருக்கட்டும்."
நோட்டில் எழுதினேன்:
கொடுத்தது ஒன்று பத்து, வாங்கியது இரண்டு இருபது.
அவன் போன பிறகு
நடுவில் செருகாமல் கட்டின் மேலேயே வைத்தேன்.
காரணம் ஒன்றும் இல்லை.

இன்று சாயங்காலம் டாரனிடமிருந்து
புதிய விதிகள், அறுபத்திரண்டு பக்கம்.
கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.
ஆறாம் பக்கத்தில் 'இடைக்கால ஏற்பாடு' என்றிருக்கிறது,
எதுவரைக்கும் என்று போடவில்லை.
ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறேன்.
போன் அடிக்கிறது.
பணகுடி நம்பர்.