சைகையில் அவன் பெயர்

பிட்ஸ்பர்க். நவம்பர். பள்ளிக்கூட உள்ளரங்கில்
இரண்டு வேட்பாளர்கள், ஒரு கடிகாரம்,
மேடையோரம் கறுப்புச் சட்டையில் நான்.
என் வேலை கைகளால் பேசுவது.

பேச வேண்டியது வரி.
பேசியது வார்த்தை.

"அட்டைகள்" என்றார் ஹால்வர்சன்.
முன்கையில் விரல் ஒட்டி, உறிஞ்சி, உப்பிக் காட்டினேன்.
"வேலை கொடுக்கிறவர்கள்" என்றார் திருமதி டிலானி.
உள்ளங்கையில் எதையோ ஏந்திக் கொடுத்தேன்.
காற்றைத்தான்.
"பழிக்காதீர்கள், அது வெறுப்பு."
"துதி பாடுகிறீர்களே, அதற்குக் கூலி உண்டா?"
நெறியாளர் தொண்டையைச் செருமி
"சொத்துள்ளோர் என்று வைத்துக்கொள்ளலாமா?" என்றார்,
பிணத்துக்குப் பவுடர் பூசுகிறவரின் பணிவோடு.

அறுபது நிமிடத்தில் நாற்பத்தொன்று இப்படிப் போனது.
தோள் வலித்தது எனக்கு.
உள்ளுக்குள் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்,
ஏட்டில் எந்தச் சுரைக்காயை எழுதினால் என்ன
கறிக்கு ஆகப்போவதில்லை என்று.

பிறகு இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்தாள் லுட்மிலா கோவாலிக்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை,
காது கேளாதவள்.
இப்போது அவள் கைக்கு நான் வாய்.

"ஒன்பது நாளாக எங்கள் கட்டடத்தில் தண்ணீர் இல்லை.
பழுது பார்க்கிறேன் என்று நகரத்திடம் வரிவிலக்கு வாங்கியவன்..."
அங்கே அவள் ஒரு பெயர் சொன்னாள்.
வலது விரல்களை மடக்கி, ஒரு திருகு.
குழாயை மூடுகிற திருகு.
ஒருமுறை. இறுக்கி.

அவள் தளத்தில் அவளைப்போல நான்கு குடும்பங்கள்.
அவர்களுக்குள் அவனுக்கு வேறு பெயரே இல்லை.
பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவனும்
அதே திருகைத் திருகினான்,
தும்முவதைப்போல, யோசிக்காமல்.

எனக்கு இரண்டு நொடி.
"வீட்டு உரிமையாளர்" என்றேன்.

ஒலிபெருக்கி அதை வாங்கிக்கொண்டது.
ஹால்வர்சன் தலையசைத்தார். டிலானியும் தலையசைத்தார்.
அந்தச் சொல்லில் இருவருக்குமே
உட்கார இடம் இருந்தது.

லுட்மிலா என் உதட்டைப் படித்துவிட்டாள்.
மறுபடி திருகினாள், மெதுவாக,
எழுத்துக்கூட்டிச் சொல்வதைப்போல, எனக்கு மட்டும்.
அதற்குள் மணி அடித்துவிட்டது.

இரவு, பாத்திரம் கழுவி முடித்து
குழாயை மூடப்போன என் கை
அவன் பெயரைச் சொன்னது,
பிசகில்லாத உச்சரிப்பில்.

தண்ணீரை ஓடவிட்டு நின்றேன்
கொஞ்ச நேரம்.