முன்வாசல்

செவ்வாய்தோறும் நான் வருவது பின்வாசல் வழியாக.
முட்டைக்கோஸ் கூடைகளையும்
எண்ணெய் டின்களையும் தாண்டி,
கையில் ஸ்பேனர் பெட்டியோடு.

இன்று ஞாயிறு.
கழுவாத அலுமினியச் சட்டியை
ஊர்மேல் கவிழ்த்த மாதிரி
லீமாவின் ஜூலை வானம்.
இரண்டு கல்சிங்கங்களுக்கு நடுவே
கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில்
வயிற்றுப் பொத்தானைப் போடாமல்
முன்வாசலில் நுழைகிறேன்.

எவுலாலியாவுக்கு இன்று ஐம்பது.
ஒரே ஒரு தடவை அந்த மீன்தொட்டிச் சீனக்கடையில்
மத்தியானச் சாப்பாடு என்று அவள் கேட்டு
எட்டு வருடம் ஆகிறது.
காப்பித்தூள் டப்பாவில் பணம் சேர்வது
அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.
மேலே தூளைப் பரப்பி மூடி வைத்ததே அவள்தானாம்.

மெனு அட்டை வீட்டுப் பத்திரம் போலக் கனக்கிறது.
விலைகளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு
பெயர்களை மட்டும் வாசிக்கிறாள்.
மகள் மாரிட்சா சுழல்மேசையைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்ற,
சோயா குப்பி தனியாக ஊர்வலம் போய்த் திரும்புகிறது.

இஞ்சிக்கு எங்கள் ஊரில் கியோன் என்று பெயர்.
“சீனாவில் இதை எப்படிச் சொல்வார்கள்?” என்கிறாள் மகள்.
“ஏறக்குறைய அப்படியேதான்” என்கிறார்
பரிமாற வந்த எலெயுத்தேரியோ.
யாரோ கப்பலில் கொண்டுவந்த சொல்லை
சொந்தச் சொல்லென்று
இத்தனை நாள் மென்றுகொண்டிருந்திருக்கிறோம்.

பிறகு அவர் ஒரு வாளியோடு வருகிறார்.
சமைப்பதற்கு முன்
மீனை உயிரோடு காட்டிச் சம்மதம் கேட்பது
இந்தக் கடையின் மரியாதை.

எனக்குத் தெரிந்த மீன்.
வாலில் வலப்பக்கம் கிழிசல்.
போன செவ்வாய் வடிகட்டியைக் கழுவக் கையை விட்டபோது
முழங்கைவரை வந்து முகர்ந்து பார்த்தது.
மூன்று வாரமாக அதன் மூச்சு என் பொறுப்பு.
கூலிக்குத்தான். இருந்தாலும்.

“இது சரிதானா, சார்?”
செவ்வாய்க்கிழமை நான் அவருக்கு “டேய் செனோன்.”
எவுலாலியா என்னைப் பார்க்கிறாள்.
மீன் யாரையும் பார்க்கவில்லை.
தலையாட்டினேன்.

வாத்துத்தோல் வந்தது,
கண்ணாடி மாதிரி நொறுங்கியது.
நண்டு சூப் வந்தது.
நல்ல ருசி என்றார்கள், நானும் என்றேன்.
ஆனால் சிவப்புத் தட்டிக்குப் பின்னால்
பம்ப்
டக்,
கொஞ்சம் விட்டு,
டக்.
நட் தளர்ந்திருக்கிறது.
இந்தக் கூடத்தில் அறுபது பேர்.
அது எனக்கு மட்டும் கேட்கிறது.

“போய்ட்டு வா” என்றாள் எவுலாலியா.
“காதை அங்கே விட்டுட்டு
வாயால மட்டும் எத்தனை நேரம் சாப்பிடுவே?”

கழுத்தில் நாப்கினோடு போனேன்.
முதலாளியம்மா சியூ அங்கே தொட்டியின்மேல் கை வைத்து
வைத்தியர் மாதிரி நின்றிருந்தார்.
ஸ்பேனர் இல்லை.
தொட்டிக்காரனுக்கு வெள்ளி ஸ்பூன் தருவதா என்று
கணநேரம் யோசித்துவிட்டுத் தந்தார்.
அதன் காம்பை நெம்புகோலாகக் கொடுத்து இறுக்கினேன்.
கிழிசல் வால் இருந்த மூலை காலி.
மற்ற மீன்கள் அதற்குள் அங்கே பரவியிருந்தன.

திரும்பி வந்தபோது
வெங்காயத்தாள் போர்த்தி, ஆவி பறக்க
அது மேசையில் படுத்திருந்தது,
தலை என் நாற்காலியை நோக்கி.
கௌரவ விருந்தாளியின் பக்கம்தான் வைப்பார்களாம்.
எவுலாலியா ஒரு விரலால் மேசையைத் தள்ளி
தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
“பிறந்தநாள் யாருக்கு?”
கன்னத்துச் சதையைக் குச்சியால் கிள்ளி
கண்மூடி மென்றாள்.
“நல்லா வளர்த்திருக்கே.”

நானும் தின்றேன். முள்வரைக்கும்.

பில் முழுத்தொகைக்கு வந்தது, ஒரு சோல்கூடக் குறையவில்லை.
அடியில் முதலாளியம்மாவின் கையெழுத்தில்:
“இந்தச் செவ்வாய் வர வேண்டாம். பார்த்தாயிற்று.”
உபகாரமா, கூலிப் பிடித்தமா?
பஸ் நிறுத்தம்வரை மாரிட்சாவும் நானும் வாதாடினோம்.
எவுலாலியா கலந்துகொள்ளவில்லை.
கோட்டுப் பையிலிருந்து வெள்ளி ஸ்பூனை எடுத்து
“இதை எப்போ திருப்பிக் கொடுப்பே?” என்றாள்.