கை தூக்கினால்

ஃப்ரிட்ஜ் இப்போது படுக்கையறையில்.
இரவெல்லாம் அது விடும் குறட்டையை
வீட்டுக்காரர் என் கணக்கில் எழுதுகிறார்.

பதினெட்டு நாளில் முடியும் என்ற வேலை,
இன்று நாற்பத்தொன்று.
அடுப்பு பால்கனியில்.
கொதி வந்ததும் சூரமங்கலத்துக்கே தெரிந்துவிடுகிறது
இன்றைக்கும் எங்களுக்கு ரசம் மட்டும்தான் என்று.

என் ஆபீஸ்
பீரோவுக்கும் புட்டி மூட்டைக்கும் நடுவே
துணி தேய்க்கும் மேசை.
ஆஸ்பத்திரி பில்கள் பார்க்கிறேன்,
எதற்குப் பணம் தரலாம், எதற்குத் தர வேண்டியதில்லை.
லேப்டாப் முழுக்க வெள்ளைத் தூசு.
டெலிட் பொத்தான் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

மாதேஸ்வரன் தாரமங்கலத்திலிருந்து வருகிறார்.
பழைய தலையணை உறையை நாலாய் மடித்து
முட்டிக்கு அடியில் கொடுத்துக்கொண்டு
தரையை உடைக்கிறார்.

முதல் வாரம் புனே மேனேஜர் பதறினார்:
அங்கே என்ன சத்தம், எல்லாரும் நலமா?
சமையலறை, என்றேன்.

அன்றைக்குச் செய்துகொண்ட ஏற்பாடு:
நான் கை தூக்கினால் மெஷின் நிற்கும்,
இறக்கினால் ஓடும்.
கழிவுச் சட்டியோடு பெருமாயி அக்காவும்
வாசற்படியில் வைத்த கால் வைத்தபடி நிற்பார்,
அவருக்கு யாரும் சொல்லவில்லை என்றாலும்.
ஒருநாள் நினைவில்லாமல்
கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.
பாதிக் கைக்கு என்ன அர்த்தம் என்று புரியாமல்
மெஷின் விக்கி விக்கி ஓடியது.

டீ நேரத்தில், தட்டுவடை செட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்:
"முட்டி மாத்துறதுக்குக் கார்டுல குடுப்பாங்களாங்க?"
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
காத்திருப்புக் காலம், முன்பே இருந்த நோய்,
நாக்கு நுனிக்கு வந்த விதிகளை
பீட்ரூட் துருவலோடு விழுங்கினேன்.
"விசாரிச்சுச் சொல்றேங்க."
விசாரிக்க வேண்டிய ஆளே நான்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி மூட்டையும் போனது.
துடைத்த ஜன்னலில் சேர்வராயன் மலை
வாடகை கேட்க வந்ததுபோல் நிற்கிறது.
அடுப்பு உள்ளே வந்துவிட்டது.
ரசம் இனி எங்கள் ரகசியம்.

இன்று மீட்டிங்கில் என் முறை வந்ததும்
கை தானாக மேலே போனது.
பதினொரு சதுரங்களும் கப்பென்று அடங்கின.
"சொல்லுங்க, ஏதோ கேட்கணுமா?"

தரையைப் பார்த்தேன்.
சிங்க்குக்குக் கீழே ஒரு டைல் மட்டும்
மயிரிழை உயரம்.
அங்கேதான்
முட்டி மாற்றி ஊன்றியிருப்பார்.