படிக்கட்டில் ஒரு சிறு கோடு

எர்சுரூமில் மார்ச்சிலும் பனிதான்.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
கோப்பறைக்கும் கொதிகலன் அறைக்கும் நடுவே
எனக்கொரு மேசை, ஒரு தொலைபேசி,
பெருங்குடல் புற்றுக்குக் கத்தி பட்ட
இருநூற்றுப் பதினான்கு பெயர்கள்.

வேலை எளிது.
அறுவைக்கு முந்தின நாள் எடுத்த ரத்தத்தில்
நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுக்க வேண்டும்.
பிறகு இன்னொரு மதிப்பெண்:
சி-ரியாக்டிவ் புரதம் பத்தைத் தாண்டினால் ஒன்று,
கூடவே அல்புமினும் சரிந்திருந்தால் இரண்டு,
இரண்டும் ஒழுங்கென்றால் சுழியம்.
மூன்றாம் வகுப்புக் கணக்கு.
புதிதாய் ஊசி குத்தவில்லை, கருவி வாங்கவில்லை.
அதே தாளில், அடுத்தடுத்த வரியில்
பத்தாண்டுகளாய்க் கிடந்தன அந்த எண்கள்,
ஒன்றை மற்றொன்றால் வகுக்க
ஆளில்லாமல்.

அழற்சி.
எங்கள் மொழியிலும் அந்தச் சொல்லுக்குள் தீ இருக்கிறது.
கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று
வெட்டியெடுத்த பிறகு அளந்துவிடலாம்.
அதைச் சுற்றி உடல் மூட்டிய அடுப்பு
எத்தனை நாளாய் எரிகிறது,
வீட்டு உத்தரத்தில் எவ்வளவு தின்றிருக்கிறது,
அதை இந்த வகுத்தல் முன்கூட்டியே சொல்லும்
என்கிறார் டாக்டர் ஃபெரிதுன்.
சொல்லும்தான்.
பெரும்பாலும்.

எனக்குக் கடைசிப் பத்திதான் கடினம்:
இருக்கிறாரா, இல்லையா, எந்தத் தேதி.
அதற்குத்தான் தொலைபேசி.

"மருத்துவமனையிலிருந்து நெஸிபே பேசுகிறேன்.
குலிஸார் ஹானிம் இருக்கிறாரா?"
பள்ளிச் சமையலறையில்
முந்நூறு பிள்ளைகளுக்குப் பருப்புக் கஞ்சி கிளறியவர்.
மதிப்பெண் சுழியம்.
அந்தத் தாளைப் படித்தபோதே
தோள் கொஞ்சம் தளர்ந்திருந்தது எனக்கு.
மறுமுனையில் மகன்
வண்டியை ஓரங்கட்டும் சத்தம்.
"அஞ்சாம் மாசமே," என்றான்.
தேதி கேட்பது என் வேலை. கேட்டேன்.
"வியாழக்கிழமை," என்றான்.
மிச்சத்தை நாட்காட்டியில் நானே தேடிக்கொண்டேன்.

பல எண்கள் உபயோகத்தில் இல்லை.
கடன் வசூலிப்பவள் என்று நினைத்து
ஒருத்தி ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள்.
ஒரு குழந்தை எடுத்தது,
மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிட்டது.

நூற்று அறுபத்தெட்டு: துர்சுன்.
சர்க்கரை ஆலையில் எடைமேடைக்காரர்.
மதிப்பெண் இரண்டு.
வகுத்தால் ஆறு புள்ளி நான்கு.
அறுவை நடந்து ஒன்பது வருடம்.
துர்சுன் என்றால் 'நிற்கட்டும்' என்று அர்த்தம்,
முன்பிறந்தவை தங்காத வீட்டில்
அடுத்த பிள்ளைக்கு இடும் பெயர்.
மகளோ மருமகனோ எடுப்பார்கள் என்று
ஒரு வாக்கியத்தை நாக்கில் மடித்து வைத்திருந்தேன்:
உங்கள் தந்தை எப்போது...

"யாரு?" என்றது ஒரு கரகரப்பு.
"துர்சுன்தான் பேசறேன். சட்டுனு சொல்லு,
கூரைமேல நிக்கறேன், பனி தள்ளணும்."

இறக்காதவரைப் புள்ளியியல்
'தணிக்கையானவர்' என்று குறிக்கும்.
விரல் கொஞ்சம் தயங்கியது,
பிறகு அப்படியே குறித்தேன்.

ஏப்ரலில் வரைபடம் வந்தது.
மூன்று கோடுகள் படிக்கட்டாய் இறங்கின,
ஒவ்வொரு படியும் ஒருவர்.
உயரத்தில் ஓடும் கோட்டில், ஆரம்பத்திலேயே,
கண்ணுக்குச் சிக்காத ஒரு சின்னச் சரிவு,
குலிஸார் ஹானிம்.
கீழே, இரண்டு எடுத்தவர்களின் கோடு
மூன்றே வருடத்தில் மடமடவென்று விழுந்து
தரையை ஒட்டும் நேரத்தில்
ஒட்டாமல்
வலப்பக்கம் தனியே நீண்டது.
அதன் நுனியில் நகக்கீறலாய்
நிமிர்ந்து ஒரு குறி.

டாக்டர் ஃபெரிதுனுக்கு மகிழ்ச்சி.
மூன்று கோடும் தெளிவாய்ப் பிரிந்திருந்தன,
இனி அறுவைக்கு முன்பே தெரியும்
யாரை இன்னும் கவனமாய்ப் பார்க்க வேண்டுமென்று.
அவர் சொல்வது சரி, ஒரு மனிதரால் அது மாறாது.
பேசிக்கொண்டே
திரையின் அந்த மூலையைக் கட்டைவிரலால் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.

"தூசி இல்லை டாக்டர்," என்றேன்.
"கூரைமேல் நிற்கிறார்."